வலப்பக்க மட்கார்டு

அந்தச் சத்தத்தை நான் கேட்டேனா என்று இப்போது எனக்கே உறுதியில்லை. பதினோரு வருடங்களாக எல்லோரிடமும் ‘டமால்’ என்றுதான் சொல்லிவந்தேன். சொல்லச் சொல்ல அது என் காதில் விழுந்த சத்தமாகவே ஆகிவிட்டது. என் மனைவி மட்டும் அன்றும் சரி, பிறகும் சரி, “லேசாத்தான் தட்டுச்சு” என்றாள். நான் ஒரு ஆவண அறையில் வேலை பார்ப்பவன். யார் எதை வாயால் சொன்னாலும் “தாள் இருக்கா?” என்று கேட்பது என் வழக்கம். என்னிடம் நானே அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கி வைத்திருந்த பழைய ஜீப் அது. மனைவி லைசென்ஸ் எடுத்த மூன்றாம் நாள், கேட்டுக்குள் திருப்பும்போது வலப்பக்க மட்கார்டு கல்தூணில் பட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு சட்டியை உட்கார வைக்கும் அளவுக்குக் குழி. “இப்படியா இடிப்பே?” என்றேன். அவள் குழியைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், சாவியை என் கையில் வைத்தாள். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. மேட்டுப் பக்கம் உள்ள ஒரு சுகாதார நிலையத்தில் தலைமை நர்ஸ். இருபத்திரண்டு கிலோமீட்டர் மண்பாதை, பஸ் கிடையாது, சொந்தமாக வண்டி ஓட்டிப் போக வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள் பதில் எழுதித் தர வேண்டும்.

“முடியாதுன்னு எழுதிடப் போறேன்” என்றாள் வெள்ளிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே.

நான் ‘உம்’ என்றேன். அவள் ஓட்டப்போவதில்லை என்றானபின், அதுவரை நான் மட்டும் ஆபீசுக்கு ஓட்டிவந்த ஜீப்பை விற்றுவிடுவது என்றும் அன்றே முடிவானது. இருக்கிற கோலத்தில் விற்றால் இரும்புக்கடைக்காரர்கூட யோசிப்பார் என்பதால், பெயிண்ட் அடித்து விற்பதாகத் திட்டம். அடிக்கப்போவது நானும் மைத்துனனும். அவன் செல்போன் பழுது பார்ப்பவன். வண்டி வேலை தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்கு அது கவலையாக இருந்தது, அவனுக்கு இல்லை.

பெயிண்ட் கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு பேர்ல யாருக்கு வேலை தெரியும்?”

நான் மைத்துனனைக் காட்டினேன். அதே நேரத்தில் அவன் என்னைக் காட்டினான்.

“அப்ப ஒரு லிட்டர் சேர்த்தே வாங்கிக்குங்க” என்றார் அவர்.

சனிக்கிழமை காலை உப்புத்தாளோடு உட்கார்ந்தோம். தேய்க்கும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. கை ஆடும், வாய் மூடியிருக்கும். மைத்துனனுக்கு இரண்டும் ஆடும். ஒவ்வொரு துருவுக்கும் அவன் ஜீப்பின் பழைய ஓனரைத் திட்டினான். கதவு ஒட்டவில்லை என்றால் பழைய ஓனர். போல்ட் கழலவில்லை என்றால் பழைய ஓனர். அவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி அவன் காலிலேயே விழுந்தபோதும் அந்த மனிதருக்குத்தான் இரண்டு வசவு கிடைத்தது.

பதினோரு மணி வாக்கில் வலப்பக்க மட்கார்டுக்கு வந்தான். குழியின் கீழ்ப்பாதியைச் சுரண்டியதும் வெள்ளையாகப் பொடி கொட்டியது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

“மாமா, இங்க வாங்க. இது குழி அடைக்க வண்டிக்குப் போடுற பட்டி இல்ல. சுவருக்குப் பூசுற பட்டி! இரும்புல போய் எந்த மடையனாவது சுவர்ப்பட்டி பூசுவானா?”

“பழைய ஓனரா இருக்கும்” என்றேன்.

“அந்தாளு வீடு கட்ட வேண்டியவன் மாமா. வழி தவறி வண்டி வாங்கிட்டான்.”

உளியால் ஒரு தட்டு தட்டினான். பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் ஒரு துருப்பிடித்த ஓட்டை. ஓட்டைக்குள் மடித்து மடித்துத் திணித்த தாள். அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் அதை உருவினேன்.

எங்கள் அலுவலகத்தின் கோரிக்கைச் சீட்டு. இன்ன ஆவணம் வேண்டும் என்று எழுதித் தரும் சீட்டு. கையெழுத்து என்னுடையது. தேதி, எங்கள் கல்யாணத்துக்கு எட்டு மாதம் முந்தையது.

அப்போதுகூட எங்கே இடித்தேன் என்பது நினைவுக்கு வரவில்லை. அறைக்கு வெள்ளையடித்தபோது மிச்சமான ஒரு பட்டி மூட்டை மட்டும் நினைவுக்கு வந்தது. அதை வீணாக்க மனமில்லாமல் எங்கோ பூசினேன். எங்கே என்பதை மறந்துவிட்டேன், அல்லது மறப்பதற்கு வேண்டியதைச் செய்துகொண்டேன். ஆக, அந்தக் குழி அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. தூணில் லேசாகத் தட்டியதும் நான் பூசியதில் மேல்பாதி உதிர்ந்து குழி வெளியே தெரிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கை பதினோரு வருடமாகப் பஸ்ஸில் நின்றபடி வேலைக்குப் போகிறது.

மைத்துனன் திரும்பி வந்தான். “உள்ள என்ன மாமா பேப்பரு?”

“சும்மா குப்பை” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். குப்பையைச் சட்டைப்பையில் வைப்பவனை அவன் ஒரு நிமிடம் பார்த்தான்.

ஓட்டைக்குத் தகடு வெட்டி வைத்தோம். குழியை உள்ளிருந்து சுத்தியலால் தட்டித் தூக்கினோம். இந்தமுறை சரியான பட்டி. கெட்டியாக்கும் பசையைக் கலந்து பூசினால் இருபது நிமிடத்தில் கல்லாகிவிடுகிறது. ஞாயிறு காலை தேய்த்துத் துடைத்து, பிரைமரும் அடித்தபோது அங்கே ஒரு குழி இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறு போதாது. பிரைமர் கால் லிட்டர் போதும்.

மதியத்துக்குள் பச்சை பெயிண்டும் அடித்தாகிவிட்டது. வழிந்த இடங்களைப் பார்த்து மைத்துனன், “தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது” என்றான். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை.

அப்போது மனைவி ஒரு தாளோடு வந்தாள். “இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. நாளைக்குக் குடுக்கணும்.”

கடிதம் சுருக்கமாக இருந்தது. பதவிக்கு நன்றி என்று ஒரு வரி. அதன் கீழே, ‘எனக்கு வாகனம் ஓட்டும் திறமை இல்லாத காரணத்தால்’.

நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

“என்னங்க, தப்பா இருக்கா?”

“ஒரு வரி தப்பு” என்றேன். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உங்க ஆபீஸ் சீட்டு. இது எங்க இருந்துச்சு?”

“மட்கார்டு ஓட்டைக்குள்ள.”

“வலப்பக்கமா?”

“உம்.”

தேதியைப் படித்தாள். மனதுக்குள் கணக்குப் போடுவது உதட்டில் தெரிந்தது.

“மேல என்ன பூசினீங்க?”

“சுவர்ப்பட்டி.”

மைத்துனன் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தான். “அப்ப அந்த மடையன்...”

“நான்தான்.”

“பாவம் மாமா பழைய ஓனரு” என்றான் அவன். “ரெண்டு நாளா அந்த மனுஷனை எவ்வளவு திட்டியிருப்பேன்!”

“நீ சும்மா இருடா” என்றாள் அவள். பிறகு என்னிடம், “தூண்ல தட்டுன அன்னைக்கு ஒரு முறம் வெள்ளைத்தூள் கூட்டி அள்ளினேன். இரும்புல இருந்து மாவு எப்படிங்க கொட்டும்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?”

“பெயிண்ட்டுன்னு சொன்னேன்.”

“ஜீப் என்ன கலரு?”

“பச்சை.”

அவள் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி நான்காக மடித்தாள்.

“சாவி.”

“பெயிண்ட் இன்னும் காயலையே...”

“ஓட்டினா காத்துல காயும்.”

உள்ளே போய் லைசென்ஸை எடுத்துவந்தாள். தம்பியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள். ஜீப் இரண்டு தடவை நின்றது, மூன்றாவது தடவை குதித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியது. “அக்கா, மெதுவா!” என்ற குரல் தெரு முனைவரை கேட்டது. பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். மூடி சரியாகப் போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நாற்பது நிமிடம் கழித்து வந்தார்கள். பச்சையின் மேல் செம்மண், அதன் மேல் ஒட்டிய பூச்சிகள். கேட்டுக்குள் திருப்பும்போது இடப்பக்க மட்கார்டு கல்தூணில் மோதியது. இந்தச் சத்தத்தை நான் கேட்டேன். சந்தேகமே இல்லை. மைத்துனனும் கேட்டான், எதிர்வீட்டுக்காரரும் வெளியே வந்தார்.

அவள் இறங்கி வந்து குழியைப் பார்த்தாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

“நல்லா பாத்துக்குங்க. இது நான் பண்ணது.”

திங்கட்கிழமை வேறு கடிதம் கொடுத்தாள்.

இப்போது அவள் மேட்டு நிலையத்தில் தலைமை நர்ஸ். ஜீப்பை விற்கவில்லை. இடப்பக்கக் குழியை நிரப்பக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அந்தச் சீட்டு அவளுடைய லைசென்ஸோடு ஒரே உறையில் இருக்கிறது. மைத்துனன் தன் கடை ஷட்டருக்குத் தானே பெயிண்ட் அடித்தான். அது பாதிதான் ஏறுகிறது, குனிந்துதான் உள்ளே போகிறான். பெயிண்ட் கடைக்காரர் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். நான் பஸ்ஸில் போகிறேன். பெரும்பாலும் உட்கார இடம் கிடைப்பதில்லை.