லோகநாயகி அக்கா வீட்டுத் தரை குடித்த பேட்டரிகள்

செப்டம்பர் 2, செவ்வாய். லோகநாயகி அக்கா வீட்டு முன்னறைத் தரை இதுவரை மூன்று பேட்டரிகளைக் குடித்துவிட்டது என்று நேற்று எழுதியிருந்தேன். அது தவறு. முழுதாகக் குடித்தது இரண்டுதான். மூன்றாவதில் பாதி மீதி இருக்கிறது. இன்று வகுப்புக்குக் கிளம்பும் முன் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே திருத்துகிறேன். மற்றதிலும் எங்காவது பிசகியிருக்கலாம் என்பதால் முதலிலிருந்து ஒருமுறை வரிசையாக எழுதிவிடுவது நல்லது.

கள்ளிக்குப்பத்தில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம், அக்கா கீழே. அக்காவின் தம்பி ஜெகதீஷ் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனபோது, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத தன் சின்ன வெள்ளைக் காரைப் பக்கச் சந்தில் உறை போட்டு நிறுத்திவிட்டுப் போனான். நிற்கிற காரிலும் பேட்டரி சும்மா இருப்பதில்லை. கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்து சில வாரங்களில் காலியாகிவிடும். அதனால் அதைக் கழற்றி உள்ளே வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லியிருந்தான். அக்கா அதை முன்னறையில் டி.வி.க்குப் பக்கத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தாள். தரை குடித்துவிடும், கீழே ஒரு பலகை போடு என்று எதிர்வீட்டு வசந்தா எச்சரித்தார். அம்பத்தூரில் நான் போகும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் மாலை வகுப்பில் வாத்தியார், அது ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு, இப்போதைய பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து தரைக்கு ஒன்றும் போகாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார். நான் அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். தேர்வில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. மற்ற வீடுகளைப் பொறுத்தவரை இன்றும் அதுதான் சரியான விடை.

அதே முன்னறையில்தான் அக்காவின் வீட்டுக்காரர் குணசேகரன் படுத்திருந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் லேத் ஓட்டிய பட்டறையை மூடிய அன்று மதியம், கொஞ்சம் படுத்து எழுந்திருக்கிறேன் என்று கட்டிலில் சாய்ந்தவருக்கு நான்கு வருடமாக அந்தக் கொஞ்சம் முடியவில்லை. நோய் எதுவும் இல்லை. ஆவடியிலிருந்து வந்து பார்த்த டாக்டர், இவ்வளவு நன்றாக ஓய்வெடுத்த உடம்பைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டி வீட்டை நடத்தினாள். அவர் சம்பாதிக்க வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. வேலை முடிந்து வரும்போது அந்த மனிதர் நின்றுகொண்டிருப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

போன மே மாதம் ஒரு மதியம் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் புழுக்கம் தாங்காமல் குணசேகரன் கட்டிலிலிருந்து உருண்டு வெறுந்தரையில் படுத்தார். கால் மணி நேரத்தில் எழுந்தார். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினார், எங்கள் வீட்டு ஒழுகும் குழாயைக் கேட்காமலே மாற்றினார், அக்கா வேலை முடிந்து வந்தபோது கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ற?" என்றாள் அக்கா.

"நின்னுகினு கீறேன். பாத்தா தெர்ல?"

அக்கா பையோடு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டுக்கு மேல் காட்ட வேண்டிய அந்தப் பேட்டரி அன்று நான்கு வோல்ட் காட்டியது. சார்ஜரில் போட்டும் ஏறவில்லை.

தரை குடித்தது அதன்மேல் வெறுங்காலோடு நிற்பவருக்குப் போகிறது என்பதை அக்கா இரண்டே நாளில் கண்டுபிடித்து, குணசேகரனின் செருப்புகளை ஒளித்து வைத்தாள். வசந்தா கறிவேப்பிலை கேட்க வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் வம்பளந்துவிட்டுப் போனவர், தெருவிலிருந்த எல்லார் வீட்டுத் தண்ணீர் டிரம்மையும் தேய்த்துக் கழுவினார். அதன்பின் கறிவேப்பிலை வேண்டியவர்கள் பெருகினார்கள். தரை வற்ற ஆரம்பித்தது, குணசேகரனுக்குக் கொட்டாவி வந்தது. அக்கா பயந்துபோய் என்னிடம் வந்தாள். நீண்ட நாள் நிற்கும் காருக்கு எது நல்லது என்று வகுப்பில் படித்ததை வைத்து, தானாகக் குறைவது மிகக் குறைவான, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் வைத்த வகையைச் சொன்னேன். கூடவே, நிரம்பியதும் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜரையும் வாங்கச் சொன்னேன். காரைப் பொறுத்தவரை இந்த ஆலோசனையில் பிழை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சார்ஜர் பேட்டரிக்கு ஊட்ட ஊட்டத் தரை அதைவிட வேகமாக உறிஞ்சியது. சார்ஜர் நிற்கவே இல்லை. ஆடி முடியும் முன்பே புகைந்துவிட்டது, பேட்டரியும் போயிற்று.

மூன்றாவதை அக்கா என்னைக் கேட்காமல் தானே தேர்ந்தெடுத்தாள். கடைக்குத் துணைக்கு மட்டும் போனேன்.

"இன்னா வண்டிக்கு யக்கா?" என்றார் கடைக்காரர்.

"வண்டிக்கு இல்ல. ஊட்டுக்காரருக்கு."

"ஆளு எத்தினி கிலோ?"

"எழுவது இருப்பாரு."

"அப்போ டிராக்டர்துதான் தாங்கும். வாரண்டி கார்டுல இன்னா மாடல்னு எய்தறது?"

அக்கா அவர் பிறந்த வருடத்தைச் சொன்னாள். டிராக்டர் பேட்டரி வந்த பிறகு குணசேகரன் ஒருநாள்கூட உட்காரவில்லை. எஸ்டேட்டில் வேறொரு பட்டறைக்கு வேலைக்கும் போனார், வெறுங்காலோடு.

இந்த நிலையில் போன சனிக்கிழமை ஜெகதீஷ் விடுமுறையில் வந்து இறங்கினான். மறுநாள் காலை திருமழிசையில் பெண் பார்க்கப் போக வேண்டும். மாப்பிள்ளை சொந்தக் காரில் வருவார் என்று தரகர் சொல்லி வைத்திருந்தார். எட்டரைக்குள் கிளம்பாவிட்டால் நல்ல நேரம் போய்விடும். பேட்டரிக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு காலை அவன் பானெட்டைத் திறந்து பார்த்தான். பேட்டரி இருக்க வேண்டிய தட்டில் ஓணான் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"யக்கா, என் பேட்டரி எங்க?"

"உங்க மாமா உள்ள கீதுடா."

நடந்ததை அக்கா சொல்லி முடித்தாள். ஜெகதீஷ் கப்பலில் இதைவிடப் பெரியதெல்லாம் பார்த்திருந்ததால் நம்பிவிட்டான். டிராக்டர் பேட்டரி அந்தக் காரின் தட்டில் உட்காராது. கேபிள் போட்டு அதிலிருந்து ஸ்டார்ட் செய்யலாம் என்றால், பாதி குடிக்கப்பட்ட அது பதினொன்றரைதான் காட்டியது. விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் சுற்றாது. குணசேகரன் இரண்டு கையையும் நீட்டி, என்னிடத்தில் வைத்துப் பார் என்றார். வைத்தேன். பன்னிரண்டே முக்கால். மீட்டரில் பிழையோ என்று ஈரத்துணியால் அவர் விரல்களைத் துடைத்து மறுபடி வைத்தேன். அதேதான்.

அக்கா குறுக்கே வந்து நின்றாள். "இர்க்கிறதெல்லாம் வண்டிக்குப் போய்ட்டா இன்னா பண்றது? அங்கயே பொண்ணு ஊட்டு சோபாவுல சாஞ்சுட்டார்னா, இன்னும் நாலு வர்சம் அவங்களா சோறு போடுவாங்க?"

"நாலு வர்சமா நீயே குட்துகினு இர்ந்த," என்றார் குணசேகரன். "ஒரு வாட்டி நானும் குட்து பாக்குறேன். வயி வுடு."

அக்கா அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒளித்து வைத்திருந்த செருப்புகளை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள். பானெட்டின் இடுக்கு வழியாகக் கேபிளை எடுத்து ஜன்னலுக்குள் விட்டு, முன் சீட்டில் உட்கார்ந்தவரின் வலது கட்டைவிரலில் சிவப்புக் கிளிப்பையும் இடதில் கறுப்புக் கிளிப்பையும் மாட்டினேன். முதல் திருப்பலிலேயே வண்டி கிளம்பியது. குணசேகரன் ஒருமுறை தும்மியதோடு சரி.

திருமழிசையில் பெண் வீட்டார் காரைவிட்டு இறங்காமல் இருந்த அவரைப் பார்த்து, மாப்பிள்ளையின் மாமா என்று அறிந்து, கேபிளோடு சேர்த்து வணக்கம் சொன்னார்கள். பஜ்ஜியைத் தரகர் ஊட்டிவிட்டார். பெண் ஹேமாவதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். "கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் எங்கனா போவணும்னா, மாமாவும் கூட வருவாரா?" தாலி கட்டுவதற்குள் அளவான பேட்டரி வாங்கிவிடுவதாக ஜெகதீஷ் வாக்குக் கொடுத்தான். இரண்டு தரப்புக்கும் பிடித்துவிட்டது.

அக்கா அன்று முழுவதும் சந்திலேயே நின்றாள். அவள் பயந்தது நடக்கவில்லை. ஓடுகிற எஞ்சின் தான் வாங்கியதைத் திருப்பித் தருவதோடு மேலும் ஊட்டும் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை, வகுப்பில் அது இரண்டாம் பாடமாக இருந்தும். திரும்பி வந்த குணசேகரன் செருப்பைக் கழற்றாமலே போய் சந்து முழுக்கப் பெருக்கினார். மீட்டர் வைத்தேன், போனபோது இருந்ததைவிட அதிகம். அக்கா கட்டிலைப் பிரித்து மொட்டைமாடிக்கு ஏற்றச் சொன்னாள். டிராக்டர் பேட்டரியின் மீதிப் பாதியை வசந்தா தன் மருமகனுக்குக் கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டுத் தரை டைல்ஸ் என்பதால் குடிக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நாளைய வேலை: காலை ஆறரைக்குக் குணசேகரனைக் காரில் இணைத்து ஆவடி வரை போய்த் திரும்ப வேண்டும். நின்ற இடத்தில் எஞ்சினை உறுமவிட்டால் போதாது, அரை மணி நேரமாவது ஓட வேண்டும். இறக்கும்போது கறுப்புக் கிளிப் மாட்டிய நெகட்டிவ் கையைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.