கூட்டி வந்தவர் சொன்னது

காயத்தின் கதையைக் கூட்டி வந்தவர் சொல்வார். அவர் சொன்னதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அந்த அவசரப் பிரிவின் எந்தச் சுவரிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை. கை கழுவும் முறைக்குப் படம் ஒட்டியிருந்தார்கள், வெளியேறும் வழிக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள். இதற்கு மட்டும் ஒன்றுமில்லை. ஆனாலும் புதிதாக வேலைக்கு வருபவர்கள் கை கழுவக் கற்பதற்கு முன்பே இதைக் கற்றுவிடுவார்கள். படியில் விழுந்தார் என்றால் படி. கதவு இடித்தது என்றால் கதவு. கூட்டி வந்தவரே திரும்பக் கூட்டிப் போவார் என்பது இந்த விதியின் மறுபாதி. அதையும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வாசல் மேசையில் இருந்த செவிலிக்கு வேலை, வருகிறவர்களைத் தரம் பிரித்து மணிக்கட்டில் பட்டை கட்டுவது. சிவப்பு என்றால் உடனே உள்ளறை. மஞ்சள் என்றால் நடைக்கூடத்துக் கட்டில். காத்திருக்கலாம், ஆனால் கண் வைத்திருக்க வேண்டும். பச்சை என்றால் பெஞ்சு. அன்று காலையிலிருந்தே மழை. ஈரச் சாலையில் பேருந்து ஒன்று சறுக்கிக் கவிழ்ந்ததில் உள்ளறைக் கட்டில்கள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. இதற்கு நடுவில் கட்டைவிரலில் ஆணி ஏறிய தச்சர் ஒருவர் கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், உயிர் போகுது! யாராவது பாருங்களேன்!"

"உயிர் போறவங்களுக்கு இவ்வளவு கணீர்னு குரல் வராதுண்ணே. கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க, கூப்பிடுறேன்."

பச்சைப் பட்டையை அவர் கையில் கட்டிக்கொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது. இறங்கியவன் புயல். ஓட்டும் வேகத்துக்காக வைத்த பெயர். சம்பளம் போடுகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அவனுடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். தள்ளுக்கட்டிலை உள்ளே இழுத்தபோது அவனுடைய பூட்ஸ், வளைகோடு வளைகோடாகத் தரையில் சேறு பதித்தது. துடைப்பத்தோடு நின்ற துப்புரவுக்காரம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்பா புயலு, இப்பதானே துடைச்சேன்! உன் காலு நாள் தவறாம முத்திரை குத்திட்டுப் போகுது பாரு."

"முத்திரை குத்தலைன்னா உனக்கு இங்க என்னக்கா வேலை?"

கட்டிலில் படுத்திருந்தது அவனுடைய மனைவி.

நோயாளியைக் கைமாற்றும்போது அறையே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். காயத்தை அழுத்திப் பிடித்திருக்கும் கைகளைத் தவிர மற்ற கைகள் நிற்கும். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தில் புயலைப் போலச் சுருக்கமாகவும் பிசகாமலும் சொல்லத் தெரிந்தவன் இல்லை. மருத்துவர்களே அவனைப் புதியவர்களுக்கு உதாரணம் காட்டுவதுண்டு. அன்றும் அதே குரலில் சொன்னான்.

"என் வீட்டுக்காரி. மூணு படி, வழுக்கி விழுந்தா. இடது பக்கம் அடி. மயக்கம் இல்ல, வாந்தி இல்ல. பேசுறா."

நாடி சற்று விரைவாக இருந்தது. வலியிலும் பயத்திலும் அப்படி இருக்கும். இரத்த அழுத்தம் இறங்கவில்லை. செவிலி மஞ்சள் கட்டினாள். மூன்று படி விழுந்தவளுக்கு மஞ்சள்தான்.

பேருந்தில் வந்த இன்னும் இருவரை உள்ளே அனுப்பிவிட்டு, மஞ்சள்காரர்களை மறுபடி பார்க்க நடைக்கூடத்துக்குப் போனாள். புயல் மனைவியின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"இப்ப எப்படி இருக்கும்மா?"

"தாகமா இருக்கு. இடது தோளு வலிக்குது."

"விழுந்ததுல பிடிச்சிருக்கும்," என்றான் புயல்.

"அவங்களைக் கேட்டேன்."

செவிலி தோளைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கமில்லை, சிராய்ப்பில்லை. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து மேலேறினால், அடிபடாத இடது தோளில் வலி எடுக்கும். நாடியில் விரல் வைத்தாள். நூல் போல மெலிந்து ஓடியது. இவன் சொல்லைத் தன் விரலைவிட அதிகம் நம்பிவிட்டோம் என்ற எண்ணம் ஊசியாகத் தைத்தது. மஞ்சள் பட்டையை அறுத்தெறிந்து சிவப்பைக் கட்டிக் கட்டிலைத் தானே தள்ளினாள்.

"நீங்க வெளிய நில்லுங்க."

"நான் வெளியாளா?" என்று சிரித்தபடியே அவன் பின்தொடர்ந்தான். அந்தக் கதவுக்கு வெளியே அவன் ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் உள்ளே திரைச்சீலையை அவன் முகத்துக்கு நேரே இழுத்து மூடிவிட்டாள்.

ஒரு கையில் தடித்த ஊசி ஏற்றி, மறுகையிலும் ஏற்றி, இரத்தத்துக்குச் சொல்லியனுப்பி, ஆடையைக் கத்தரியால் பிளந்தபோது இடது விலாவில் அது தெரிந்தது. ஊதா நிறத்தில், வளைகோடு வளைகோடாக. அந்த அறையில் வேலை செய்யும் எல்லோரும் நாள்தோறும் ஈரத்தரையில் மிதித்துக் கடந்த அதே வளைகோடு.

எதிர்ப்பக்கம் நின்ற தலைமைச் செவிலியும் பார்த்தாள். பார்த்த கையோடு போர்வையை இழுத்து அதன்மேல் போட்டாள்.

"படியோட விளிம்பு," என்றாள் மெல்ல.

"அக்கா, எந்தப் படிக்குக்கா இப்படி வளைகோடு இருக்கும்?"

"சத்தத்தைக் குறை. நம்ம ஆளு அவன். போன மழைக்கு இவ கை உடைஞ்சு வந்தா. அப்பவும் படின்னுதான் சொன்னான்."

"அந்த வீட்டுப் படி ஏற உதவாது போல. விழ மட்டும்தான்."

"நக்கலா? நாளைக்கு ரோட்டுல அடிபட்டுக் கிடக்கிறவனை இங்க கொண்டு வர்றது யாரு? நீயா, நானா? வந்த வேலையைப் பாரு. உயிரைக் காப்பாத்து, போதும்."

"காப்பாத்தி யார் கையில கொடுக்கிறது?"

தலைமைச் செவிலி இரத்தப் பையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அதில் மட்டும் அவள் கைகள் தயங்கவேயில்லை.

பணி மருத்துவர் ஸ்கேன் கருவியை வயிற்றில் ஓட்டினார். திரையில் இருக்கக்கூடாத இடத்தில் கறுப்பு தேங்கி நின்றது. "மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. சர்ஜனைக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அவரே தொலைபேசிக்கு விரைந்தார்.

செவிலி குனிந்து அந்தப் பெண்ணின் காதருகே வாயை வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவள் கண் திறந்தாள். "கேக்க மாட்டீங்கன்னு சொன்னாரு."

"யாரு?"

"அவருதான். வண்டியில வர்றப்போ. அங்க எல்லாரும் எங்க ஆளுங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னாரு."

செவிலி நிமிர்ந்து தலைமைச் செவிலியைப் பார்த்தாள். இரத்தப் பையைத் தேய்த்த கைகள் இப்போது நின்றிருந்தன.

"நான் கேக்குறேன். படியா?"

"படி இல்ல. அவரு காலு."

"அதை எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கு எனக்கு உங்க சம்மதம் வேணும். நீங்க வேணாம்னா சொல்ல மாட்டேன்."

அந்தப் பெண் உலர்ந்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். "சொல்லுங்க. மெதுவா மட்டும் சொல்லாதீங்க."

அறுவை மருத்துவர் வந்தார். திரைச்சீலை விலகியது. வழக்கம் தன் வேலையைச் செய்தது: பேச்சு அடங்கியது, கைகள் நின்றன, வாசல் பெஞ்சில் தச்சர்கூட வாயை மூடிக்கொண்டார். புயல் தொண்டையைச் செருமியபடி இரண்டடி முன்னால் வந்தான்.

"என் வீட்டுக்காரி, சார். மூணு படி..."

"நிறுத்துங்க," என்றாள் செவிலி. கைமாற்றும்போது ஒருவர் குறுக்கிட்டு அந்த அறை கேட்டதேயில்லை.

"சிஸ்டர், கூட்டி வந்தது நான்."

"வாசல் வரைக்கும் நீங்க. அங்கேருந்து இங்க கூட்டி வந்தது நான். நான் சொல்றேன்."

தலைமைச் செவிலி வாயெடுத்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, போர்வையின் விளிம்பைப் பிடித்து விலாவரை விலக்கினாள். துப்புரவுக்காரம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"நாடி ஏறுது, பிரஷர் இறங்குது," என்றாள் செவிலி, நடைக்கூடத்தின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கும் குரலில். "வயித்துக்குள்ள இரத்தம். ரெண்டு ஊசி போட்டாச்சு, இரத்தம் ஏத்துறோம். இவங்க படியில விழலை, டாக்டர். பூட்ஸ் காலால உதைச்சிருக்காங்க. உதைச்சது இவங்க வீட்டுக்காரர்." அவள் கையை நீட்டிக் காட்டினாள். "இதோ, இவர்தான்."