சம்பந்தியும் பின்சீட்டும்

ஐம்பத்து மூன்றாவது வயதில் லிஃப்ட் மெக்கானிக் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். நெடுநெடுவென்று உயரமான வண்டி. மண்பாதையைக் கவ்விப் பிடிக்கக் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். டவுன் சாலைக்கென்று கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் முறையாக. முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டு கொக்கு அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“இது ரோட்டு வண்டியா, காட்டு வண்டியா?”

“ரெண்டும்தான்.”

“ரெண்டும்னா, எதுலயும் உருப்படியாப் போகாதுன்னு அர்த்தம்.”

அவர் சிரித்து மழுப்பினார். இருபத்தெட்டு வருடமாகக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் மேலும் கீழுமாகவே போய்வந்த மனிதர். வேலை நாளில் நெரிசலுக்குள் புகுந்து போக வேண்டும், விடுமுறையில் தார் முடிகிற இடத்தில் திரும்பாமல் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு ஆசைக்கும் ஒரே வண்டி. இதையெல்லாம் வாசலில் நின்று விளக்க முடியுமா? உயரம்தான் கொஞ்சம் தொந்தரவு. சிக்னலில் நிற்கும்போது ஒரு காலின் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொடும்.

மகளின் மாமனார் ஆறடி ஆள். டவுன் பஸ் டிரைவர். சட்டையை மொடமொடவென்று தேய்த்துப் போட்டுக்கொண்டு, வார்த்தையை அளந்து பேசுவார். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டரை வருடத்தில் இரண்டு சம்பந்திகளும் பேசிக்கொண்டதை அரைத் தாளில் எழுதிவிடலாம். ‘சௌக்கியமா?’ ‘மழை வரும்போல இருக்கு.’ ‘டிராஃபிக் ஜாஸ்தியாயிடுச்சு.’ அதோடு சரி.

மகளும் மருமகனும் மலைக்கு அந்தப் பக்கம் மரக்கன்று வளர்க்கும் பண்ணையில் வேலை பார்த்தார்கள், பண்ணைக்குள்ளேயே வீடு. பேத்திக்கு முதல் பிறந்த நாள் வந்தது. பாட்டிகள் இருவரும் இரண்டு நாள் முன்பே போய் உட்கார்ந்துகொண்டார்கள். தாத்தாக்கள் ஞாயிறு காலை பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மெக்கானிக் வீட்டு அழைப்பு மணி அடித்தது. திறந்தால் பஸ் டிரைவர், கையில் பரிசுப் பொட்டலத்தோடு.

“பாலத்து மேல லாரி கவுந்து கிடக்காம். சாயங்காலம் வரைக்கும் பஸ் கிடையாது.”

மெக்கானிக் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மலை மேல ஏறி இறங்குற மண்பாதை ஒண்ணு இருக்கு. பதினாலு கிலோமீட்டர்தான்.”

“அதுல பஸ் போகுமா?”

“பஸ் போகாது. இது போகும்.”

பஸ் டிரைவர் வண்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். டிக்கெட் எடுக்காத பயணியைப் பார்க்கிற பார்வை. ஆனால் பேத்தி என்று ஒருத்தி இருக்கிறாளே. “இன்னொரு ஹெல்மெட் இருக்குதா?” என்று கேட்டார்.

டவுனைத் தாண்டும்வரை பின்சீட்டிலிருந்து அறிவிப்பு ஓயவில்லை. “லெஃப்ட்ல சைக்கிள்.” “பிரேக்.” “அந்த ஆட்டோக்காரன் திரும்புவான், பாருங்க.” ஆட்டோக்காரன் சொன்ன மாதிரியே திரும்பினான். மெக்கானிக்குக்கு எரிச்சலாகவும் வந்தது, ஒத்தாசையாகவும் இருந்தது.

பழைய கல்குவாரியைத் தாண்டியதும் தார் தீர்ந்துபோயிற்று. செம்மண் பாதை இரண்டு புதர்களுக்கு நடுவே நழுவி மேலே ஏறியது. மெக்கானிக் வழக்கம்போல ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றி எழுந்து நின்றார்.

“ஏன் எந்திரிச்சிட்டீங்க? இறங்கணுமா?”

“இல்ல சம்பந்தி. மேடு பள்ளத்துல இப்படி நின்னாத்தான் வண்டி தன் இஷ்டத்துக்கு ஆடும், நாம ஆட மாட்டோம்.”

“அப்ப நான்?”

“நீங்க என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

வார்த்தையைக்கூட அளந்து பேசுகிறவர், சம்பந்தியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வண்டி வேர்களின் மேல் தாவியது, குழிக்குள் முங்கி எழுந்தது. உயரமான ஸ்பிரிங் எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டது. சரளைக் கற்கள் டயருக்கடியில் பொரிந்தன. பின்னாலிருந்து சத்தமே இல்லை. கும்பிடுகிறாரோ என்னவோ.

பாதி மலையில் ஒரு ஓடை குறுக்கிட்டது. முழங்கால் ஆழம்கூட இல்லை. நடு ஓடையில் ஒரு வழுக்குப் பாறை. அதை மிதித்துவிடக் கூடாது, மிதித்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே போன மெக்கானிக் சரியாக அதன் மேலேயே ஏற்றினார். வண்டி அவசரமே இல்லாமல் சாய்ந்தது. சம்பந்திகள் இருவரும் தண்ணீரில் உட்கார்ந்தார்கள்.

மெக்கானிக்குக்கு உயிரே போய்விட்டது. பெண்ணைக் கொடுத்த இடம். அந்த இடத்துப் பெரியவரை, தேய்த்த சட்டையோடு சேற்றில் தள்ளியாயிற்று.

“அடி ஏதாவது பட்டுச்சா சம்பந்தி?”

“படல. உங்களுக்கு?”

“எனக்கும் இல்ல.”

பஸ் டிரைவர் மீசையில் ஒட்டிய பாசியை எடுத்துப் பார்த்துவிட்டு ஓடையில் விட்டார்.

“நீங்க அந்தக் கல்லையே பாத்துட்டு வந்தீங்க. எங்க பாக்குறோமோ வண்டி அங்கதான் போகும். கரையைப் பாத்திருக்கணும். பஸ்ஸும் அப்படித்தான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, அப்புறம் ஆளே குலுங்கினார். அந்தச் சிரிப்பை மெக்கானிக் இரண்டரை வருடத்தில் பார்த்ததே இல்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் வண்டியைத் தூக்கினார்கள்.

“அட, இவ்வளவுதானா கனம்?” பஸ் டிரைவர் ஹேண்டிலைப் பிடித்தபடியே நின்றார். விடவில்லை. “நான் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கட்டுமா?”

அவருடைய நீளக் கால்களுக்கு வண்டி அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. தடுமாறிக் கிளம்பினார், வளைவில் மறைந்தார். சத்தம் தேய்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. மெக்கானிக் பாறைமேல் சட்டையைக் காயப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பத்து நிமிடம். கால் மணி. தேடிப் போகலாமா என்று எழுந்தபோது, மேட்டுக்கு மேலே முதலில் சத்தம் வந்தது, பிறகு இரண்டு சக்கரமும் தரையை விட்டு ஒரு முழம் எழும்பியபடி வண்டி வந்தது, மேலே எழுந்து நின்றபடி சம்பந்தி வந்தார்.

எஞ்சினை அணைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. முகமெல்லாம் தூசி, அதற்கு நடுவில் பல்வரிசை.

“முப்பது வருஷமா ஸ்டாப் ஸ்டாப்பா நிறுத்தியே ஓட்டிட்டேன் சம்பந்தி. இங்க ஒருத்தரும் பெல் அடிக்கல.”

மிச்ச வழியை அவரே ஓட்டினார். பின்சீட்டில் உட்கார்ந்த மெக்கானிக், “லெஃப்ட்ல மாடு,” என்றார்.

பண்ணை வாசலில் பாட்டிகள் இருவரும் வாயைப் பிளந்தார்கள். “என்ன கோலம் இது? எங்க புரண்டு வந்தீங்க?” என்றாள் டிரைவரின் மனைவி. மகள் துண்டு எடுக்க ஓடினாள். பேத்தி மட்டும் பயப்படவில்லை. தாத்தாவின் மீசையிலிருந்த சேற்றைப் பிய்த்துப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது. பரிசுப் பொட்டலத்துக்குள் இருந்த துணிப் பொம்மை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மருமகன் அதைக் காதைப் பிடித்துக் கொடியில் மாட்டினான்.

மூன்று மணிக்குப் பாலம் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பாட்டிகளுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்க வேண்டும். “நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸைப் பிடிச்சு மரியாதையாப் போங்க. வண்டி இங்கயே கிடக்கட்டும்,” என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

“எனக்கு நாளைக்கு டியூட்டி இருக்கும்மா. பஸ்ஸை நம்ப முடியாது,” என்றார் பஸ் டிரைவர், துளிக்கூடச் சிரிக்காமல்.

மலை உச்சியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்கள். வெயில் சாய இன்னும் நேரமிருந்தது. எதிர்ச் சரிவில் மெல்லிசாக ஒரு கோடு ஏறிப்போய் மரங்களுக்குள் மறைந்தது. பஸ் டிரைவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“அது எங்க போகுது?”

“தெரியல சம்பந்தி. நான் போனதில்ல.”

“யாரையாவது கேக்கலாமா?”

சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லை. மெக்கானிக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.