ஒரு நாளைக்குப் பதினோராயிரம் அடி

"கைய லேசாத் தூக்கிப் பிடிங்க அண்ணி, நான் பொத்தான் போட்டுடறேன்" என்றாள் நாத்தனார்.

அவள் கணவரின் கையைத் தூக்கிப் பிடித்தாள். நேற்று மதியம்வரை லாரிச் சீட்டுகளைக் காற்றில் பறக்காமல் அமுக்கிப் பிடித்திருந்த கை. இப்போது விறைத்து, சட்டைக்குள் நுழைய மறுத்தது. காகித ஆலையில் கொடுத்த நீல முழுக்கைச் சட்டை. அதையே போடலாம் என்று சொன்னது மகள்தான். விசேஷ வீடுகளுக்குக்கூட மனுஷன் அதைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

மகள் அலமாரி இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மா, அப்பாவோட பட்டை எங்க?"

"எந்தப் பட்டை?"

"அடி எண்ணுற பட்டைம்மா. ஆஸ்பத்திரியில குடுத்த பையில வாட்ச் இருக்கு, கண்ணாடி இருக்கு, செருப்பு இருக்கு. அது மட்டும் இல்ல."

"எங்கயாவது விழுந்திருக்கும்."

"ஆம்புலன்ஸ்ல எவனாவது உருவியிருப்பான்" என்றாள் நாத்தனார். "செத்தவங்க கையிலயும் கை வைக்கிற காலம்."

"அதையும் கட்டி அனுப்பலாம்னு நினைச்சேன்" என்றாள் மகள். "எவ்வளவு பெருமையா வெச்சிருந்தாரு."

அவள் காலர் மடிப்பைச் சரிசெய்தாள். பட்டை அவளுடைய இடது மணிக்கட்டில், கம்பளிச் சட்டையின் கைக்குள்ளே இருந்தது. நேற்று காலையில் கட்டியது. ஏழாவது தெருவில் ஒரு வீட்டுத் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று போன் வந்தது. அதற்குப் பிறகு அவள் தனியாக இருக்கவே இல்லை. யாராவது ஒருத்தர் தோளையோ கையையோ பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

காகித ஆலையின் எடைமேடையில் அவர் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தார். வேலை பார்த்தார் என்பதைவிட உட்கார்ந்திருந்தார் என்பதுதான் சரி. லாரி வந்து மேடையில் ஏறும். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடியே எடையைப் பார்ப்பார், சீட்டைக் கிழிப்பார், ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார். டீயும் கூண்டுக்கே வந்துவிடும். ஆலையில் அவருக்குப் பெயர் தராசு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே கொஞ்சம் யோசிப்பார்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பாய்லர் பக்கம் ஒரே மாதத்தில் இரண்டு பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். ஆலை திடுக்கென்று விழித்துக்கொண்டது. கேன்டீனில் சர்க்கரை டப்பா காணாமல் போனது. படிக்கட்டுச் சுவரில் 'லிஃப்ட் வேண்டாம்' என்று எழுதினார்கள். ஆளுக்கொரு சாம்பல் நிறப் பட்டை கொடுத்தார்கள். சனிக்கிழமை தோறும் நர்ஸ் அறைக்குப் போய் அதை ஒரு சின்னப் பெட்டிமேல் வைத்தால் வாரம் முழுக்க நடந்தது கணினியில் ஏறிவிடும். ஒரு நாளைக்கு நாலாயிரம் அடிக்குக் கீழே என்றால் சிவப்பு அட்டை. ரத்தம் எடுப்பார்கள், ஈசிஜி எடுப்பார்கள், அரை மணி நேரம் புத்தி சொல்வார்கள். எட்டாயிரத்துக்கு மேலே என்றால் பச்சை அட்டை. சோதனை எதுவும் கிடையாது, போய்க்கொண்டே இருக்கலாம். நடக்கிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்பது நிர்வாகத்தின் எண்ணம்.

முதல் வாரமே அவருக்குச் சிவப்பு. மகள் வயதுள்ள நர்ஸ் இடுப்பில் நாடாவைச் சுற்றி அளந்தாள் என்று வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அவள் மீட்டர் பார்க்கக் கிளம்பும்போது பட்டையைக் கழற்றி அவள் கையில் கட்டினார்.

"சும்மா ஒரு நாள் கட்டிட்டுப் போ. எவ்வளவு வருதுன்னு பார்ப்போம்."

அவளுக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. தெரு, சந்து, மாடிப்படி, கொல்லைப்புறம். சாயங்காலம் பட்டை பதினோராயிரத்து இருநூற்று நாற்பது காட்டியது. அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா, நான் நல்லாத்தான் நடக்கறேன்" என்றார்.

அப்போது அவளும்தான் சிரித்தாள்.

அதோடு பழகிப்போய்விட்டது. எடைமேடைக் கூண்டில் அவர் ஒற்றை ஆள். முழுக்கைச் சட்டைக்குள்ளே மணிக்கட்டில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? சனிக்கிழமை காலை மட்டும் பட்டை அவர் கைக்குப் போகும், மதியம் பச்சை அட்டையோடு திரும்பி வரும். கொஞ்ச நாளில் அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். "இன்னைக்குப் பன்னெண்டாயிரம் நடந்திருக்கேன், இன்னொரு கரண்டி வை" என்பார். "நடந்தது என் காலு, பசிக்கிறது உங்க வயித்துக்கா?" என்று அவள் கேட்பாள், கேட்டுக்கொண்டே வைப்பாள். ஒருநாள் கால் வலிக்கிறது என்றுகூடச் சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இரண்டு மாதமாக மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இடது தோள் பிடிக்கிறது என்றார். நர்ஸிடம் காட்டச் சொன்னாள்.

"பச்சை அட்டைக்காரன் போய் மூச்சு வாங்குதுன்னா நம்புவாங்களா? நோண்டுவாங்க. அப்புறம் ஆலை முழுக்க நாறிடும்."

அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மறுநாளும் பட்டையைக் கட்டிக்கொண்டு போனாள்.

பத்தரை மணிக்கு ஆலையிலிருந்து அதிகாரியும் நர்ஸும் துக்கம் கேட்க வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அதிகாரி குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.

"எங்க எல்லாருக்கும் அவர்தான் உதாரணம்மா. மூணு மாசமா அவர்தான் முதலிடம். நோட்டீஸ் போர்டுல போட்டோ போட்டிருக்கோம்."

"பார்த்தேன்" என்றாள் அவள்.

அதிகாரி வாசலுக்குப் போனபிறகு நர்ஸ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ராத்திரி முழுக்க அவரோட பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேங்கா. நாடித்துடிப்பு அவ்வளவு ஒழுங்கா இருக்கு. நடையும் குறையல. எதை நான் கவனிக்காம விட்டேன்னே தெரியல."

அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் அது தன் இடது கை என்று உறைத்தது. வேறு யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் ஆலை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கிரேன் ஓட்டுகிறவர். அவரை எல்லோரும் யானை என்பார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. போன வருடம் கால் விரலில் ஒரு புண் ஆறாமல், விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் நடக்க ஆரம்பித்தார். எட்டு மாதமாக ஷிப்டுக்கு முன்னால் ஆலைச் சுவரைச் சுற்றி நாலு சுற்று. புண் ஆறியது, சுகர் இறங்கியது, சிகரெட்டையும் விட்டுவிட்டார். தராசைப் பார்த்தால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார். "இந்தத் தடியன எப்படியாவது ஒரு வாரம் முந்திடணும்" என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்.

ஜன்னல் வழியாக அவர் குரல் உள்ளே கேட்டது.

"பதினோராயிரம் நடந்தவன் போய்ட்டான். ஏழாயிரம் நடக்கிற நான் எந்த மூலைக்கு? எல்லாம் ஏமாத்து வேலைப்பா. நான் இன்னையோட விட்டுட்டேன்."

"அப்படிச் சொல்லாதண்ணே."

"வேற எப்படிச் சொல்றது? வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி, விடியறதுக்கு முன்னால எழுந்து நாய் துரத்த ஓடி என்னத்தக் கண்டோம்? அவன் விதி முடிஞ்சுது, போய்ட்டான். என் விதி முடியறப்ப நானும் போறேன். அதுவரைக்கும் வாய்க்கு ருசியாவாவது தின்னுட்டுப் போறேன். அந்த சிகரெட்டைக் குடு."

இன்னும் இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

அவள் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். கம்பளிச் சட்டையின் கையை மேலே தள்ளினாள். பட்டையின் அடியில் தோல் வெந்ததுபோல் சிவந்திருந்தது. விரலால் தொட்டதும் எண்கள் ஒளிர்ந்தன. நேற்று, இன்று என்று மணிவாரியாகக் காட்டியது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம், பிணவறை, வீட்டுக்குள்ளேயே அறைக்கும் அறைக்கும் அலைந்தது எல்லாமே அதில் இருந்தது. கணக்குப்படி அவர் செத்த பிறகு ஆறாயிரத்து முந்நூறு அடி நடந்திருந்தார்.

நாடித்துடிப்பு ஒழுங்காக இருந்தது.

சொல்லாமல் விட்டால் அவர் நோட்டீஸ் போர்டில் அப்படியே இருப்பார். மகளுக்கு அவர் பெருமையாகவே இருப்பார். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. வாசலில் அந்த மனுஷர் மட்டும் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார். சொன்னால், நாற்காலிக்காரர்கள் சாயங்காலத்துக்குள் சிரித்துவிடுவார்கள். பெண்டாட்டியை நடக்கவிட்டுப் பரிசு வாங்கினவன் என்று அவர் பெயர் கடைசியாகப் போய் நிற்கும். அவளைப் பற்றியும் பேசுவார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை.

கதவு தட்டப்பட்டது.

"மா, ரொம்ப நேரமா உள்ளயே இருக்கியே?"

அவள் தாழை நீக்கினாள். சட்டையின் கையை இறக்க மறந்திருந்தாள். மகளின் கண் மணிக்கட்டில் நின்றது. பட்டையையும் அம்மாவின் முகத்தையும் பார்த்தாள். கூடத்தில் நாத்தனார் யாரிடமோ நேற்று நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள் மகள் மெதுவாக.

"முதல் வாரத்தைத் தவிர."

மகள் கொஞ்ச நேரம் கதவின் கொக்கியையே நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் சட்டைக் கையைப் பிடித்து மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

"ஒரு மணிக்கு வண்டி வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் பின்கட்டுக்குப் போனாள். யாரையோ விட்டுக் கிரேன்காரரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் சிகரெட்டை மழையில் போட்டுவிட்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு குறுகலான நடையில் வந்தார்.

"சொல்லு தங்கச்சி. ஏதாவது வேணுமா?"

"அண்ணே, நீங்க நடக்கிறதை நிறுத்தக் கூடாது."

"அதைப் பத்தி இப்ப என்ன? நீ போய் உள்ள உக்காரு."

"அவர் நடக்கவே இல்லண்ணே."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள்.

"இதை நான்தான் கட்டிட்டுப் போவேன், மீட்டர் பார்க்க. அவர் கூண்டைவிட்டு இறங்கவே இல்ல. பச்சை அட்டை வந்ததால ஒரு சோதனையும் பண்ணல. தோள் வலின்னு சொன்னப்பகூடப் போய்க் காட்டல. போனா வெளிய தெரிஞ்சிடும்னு பயந்தாரு. நானும் சும்மா இருந்துட்டேன்."

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. கிரேன்காரர் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்தார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"பன்னெண்டாயிரம் வந்துச்சே ஒரு தடவை. கேன்டீன்ல மேசையத் தட்டித் தட்டிச் சொன்னானே."

"அன்னைக்கு ஒரு தெரு கூடுதல். கூட வேலை பார்க்கிறவ லீவு."

அவருக்குச் சிரிப்பு வருவதுபோல் வந்து வேறெங்கோ போயிற்று.

"அப்ப எட்டு மாசமா நான் துரத்திட்டிருந்தது உன்னையா?"

அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"திருட்டுப் பய" என்றார். பிறகு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் முகத்தைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீரா என்று அவள் பார்க்கவில்லை.

"வாசல்ல சொல்லணும்னா சொல்லிடுங்கண்ணே. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"அந்தப் பொண்ணு, நர்ஸு, தன்னாலதான்னு நினைச்சுட்டிருக்கு. சனிக்கிழமை நானே போய் இதைக் குடுத்துட்டு, சொல்லிட்டு வந்துடறேன். பச்சை அட்டைக்காரங்களுக்கும் சோதனை பண்ணச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"ஆலையில உன்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஒரு மணிக்கு வண்டி வந்தது. மழை விட்டிருந்தது. ஆலை ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். "என்னப்பா இந்தக் கனம் கனக்கிறான்" என்று ஒருவர் மூச்சுவிட்டார். முன்னால் பிடித்திருந்த கிரேன்காரர் தோளை மாற்றிக்கொண்டார். வண்டிக்குப் பின்னால் ஆலை பஸ் நின்றது. அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் மகள். டிரைவருக்குப் பக்கத்து அகலமான இருக்கையைக் கிரேன்காரருக்கென்று காலியாக விட்டிருந்தார்கள். வேறு எதிலும் அவர் உட்கார முடியாது.

டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார்.

"மாமா ஏறலையா?" என்றாள் மகள்.

"வந்துடுவாரு, நீங்க எடுங்க" என்றாள் அவள்.

பஸ் தெருமுனையில் திரும்பியது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. கேட் திறந்து கிளம்பியபோது கிரேன்காரரைத் தாண்டிப் போனார்கள். பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, சாலையோரச் சேற்றைத் தவிர்த்து, அவர் நடந்துகொண்டிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பஸ்ஸைப் பார்க்கவில்லை. இடுகாட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது.