மன்னுக்கு அடுத்த சொல்

1

இந்தக் கதை ஒரு தகவலிலிருந்து வந்தது. சீனக் குடும்பங்களில் பெரியவர்களின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை. அது மரியாதைக் குறைவு. நம் வீடுகளில் வைக்காவிட்டால்தான் சண்டை. இரண்டு வழக்கங்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அறை ஜெர்மனியில், ஆஹென் நகரில். ஆண்டு 1968.

2

முதல் தொடக்கம்: அன்று ஆஹெனில் பனி பெய்துகொண்டிருந்த—

(ஜெர்மனி என்றதும் பனி. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ஆராய்ச்சி மாணவன் சேதுராமன் வெளியூரில் கருத்தரங்கில் இருந்தபோது மனைவி பாமாவுக்கு வலி எடுத்தது. கீழ்வீட்டுச் சீன மாணவன்தான் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஆண் குழந்தை. முதலில் கையில் வாங்கியவனும் அவன்தான்.

இது போதும்.

3

அந்த மாணவனுக்கு முதலில் லீ என்று பெயர் வைத்திருந்தேன். சோம்பேறித்தனம். இப்போது அவன் சான் மன் ஃபாய். சான் குடும்பப் பெயர், முதலில் வரும். மன் தலைமுறையின் பெயர். அவன் அண்ணன் தம்பிகள், பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் மன். முன்னோர் ஒருவர் எழுதிவைத்த கவிதையிலிருந்து தலைமுறைக்கு ஒரு சொல். ஃபாய் மட்டும் அவனுக்கே உரியது. ஒளி என்று பொருள்.

ஊர் மலேசியாவில் ஈப்போ. அப்பாவின் மளிகைக் கடைக்குத் தோட்டத்துத் தமிழர்கள் வருவார்கள். ஆகவே தமிழ் பேசுவான். (என் வசதிக்காக. ஒப்புக்கொள்கிறேன்.)

4

பெயர் சூட்டும் நாள்.

"சர்ப்ரைஸ்!" என்றான் சேதுராமன். "இவன் பேர் மன் ஃபாய்."

மன் ஃபாய் கேக் தட்டைக் கீழே வைத்தான். "என் பேரா?"

"உன் பேரேதான்."

"நான் இன்னும் உசிரோடதானே இருக்கேன்?"

"அதனாலதான்டா!"

"உங்க அம்மாங்க திட்டுறத எங்க கடையில கேட்டிருக்கேன்லா. நாளைக்கு 'மன் ஃபாய், எருமமாடு, வாடா இங்க'ன்னுவீங்க. அது என்னைத் திட்டுறதுதானே? அதோட 'மன்'னாம். இவன் என்ன எனக்குத் தம்பியா?"

கீழே இறங்கிப் போய்விட்டான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

5

இங்கே எழுத முடியாமல் நின்றேன். சேதுராமன் பெயரை மாற்றிவிடலாம்; கதை அங்கேயே முடிந்துவிடும். மன் ஃபாய் திரும்பி வந்து கட்டிக்கொள்ளலாம்; நானே நம்ப மாட்டேன். குழந்தையை முதலில் கையில் வாங்கியவனே விலகிப் போனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சேதுராமன், "நல்லதுதானே செஞ்சேன்" என்றே உட்கார்ந்திருக்கிறான். பயனில்லை. பாமாவை அனுப்பலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவளே குழந்தையோடு இறங்கிவிட்டாள்.

6

"எங்க மாமனார் பேர் தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். கல்யாணமானதுலேருந்து ஒரு தடவை சொன்னதில்ல. அந்தப் பேரைத்தான் இவனுக்கு வெச்சிருக்கணும். ஊர்ல சண்டை போடுவா, போடட்டும்னு உங்க பேரை வெச்சோம். மாமனார் பேர் மாதிரிதான் அதுவும். காகிதத்துல இருக்கும், என் வாயில வராது."

"சேது கூப்பிட்டா?"

"அவரை நான் பாத்துக்கறேன்."

மன் ஃபாய் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"மன் வேணாம்" என்றான். "கவிதையில அடுத்த சொல் குவோக். குவோக் ஃபாய்னு போடுங்க."

"அது யாருக்கு?"

"என் பிள்ளைங்களுக்கு. இவன்தான் முதல் ஆள்."

(இதை நான் திட்டமிடவில்லை.)

7

"சரி, வீட்டுல என்னன்னு கூப்பிடுவீங்க?" என்றான் மன் ஃபாய்.

சீன வீடுகளில் இதற்குப் பால்பெயர் உண்டு. வேண்டுமென்றே மட்டமாக வைப்பார்கள்: நாய் தின்ற மிச்சம் என்றுகூட. கெட்ட ஆவிகள் கேட்டுவிட்டு, இது எதற்கு என்று போய்விடும். "எங்க பக்கம் குப்பன், பிச்சை" என்றாள் பாமா. சேதுராமனும் இறங்கி வந்தான். மூவரும் ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சேதுராமனின் 'ஓட்டை வாளி' கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது, பாமா ஒப்பவில்லை.

குழந்தை விழித்து அழுகிறது. ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டும். மற்ற எல்லோருக்கும் நான் பெயர் வைத்துவிட்டேன். இது உங்கள் முறை. தயவுசெய்து அழகாக வைத்துவிடாதீர்கள். அவன் நூறு வயது இருக்க வேண்டும்.