மேல் அடுக்கு

கேக்கின் நடு அடுக்கை இரண்டு கைகளாலும் தூக்கிக் கீழ் அடுக்கின்மேல் இறக்கப் போன நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கேக்கை அந்தரத்தில் வைத்துக்கொண்டு பேசினால் கை ஆடிவிடும். சுஃபியா அதைப் பழையபடி மேசையில் இறக்கிவிட்டு, "தொறந்துதான் இருக்கு, வாங்க" என்றாள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் உள்ளே வந்தாள். போடி ஊரின் வெயிலில் நடந்து வந்ததில் முகம் கன்றிப் போயிருந்தது.

"மாடில ரூம் காலியா இருக்குன்னு மருந்துக்கடையில சொன்னாக."

"இருக்குக்கா. யாருக்கு? மகளுக்கா?"

"எனக்குத்தான். ஒருத்திதான்."

"சித்த உக்காருங்க. இத அடுக்கிட்டு சாவிய எடுக்கிறேன். கேக்க ஏத்த ஜீப்பு வந்துரும்" என்றாள் சுஃபியா.

பொழுது விடிவதற்கு முன் அடுப்படிக்குள் நுழைந்தவள் அவள். வீட்டிலிருந்த சின்ன ஓவனில் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வேகும். நடுவில் கரண்ட் போய், சின்ன கேக் குழி விழுந்து, அதை எடுத்துவிட்டு மறுபடி மாவு கலக்க வேண்டியதாயிற்று. வெந்தவை ஆறிய பிறகு மேல்முகட்டைச் சீவி மட்டமாக்கி, வெண்ணெய் கிரீம் பூசி, ஃபிரிட்ஜில் இறுக வைத்து எடுத்தாள். அப்புறம் தடிமனான ஸ்ட்ராக்களை நறுக்கிக் கீழ் அடுக்குக்குள் வட்டமாக நட்டாள். மேலே உட்கார்வதன் பாரத்தை அவைதான் தாங்க வேண்டும். இல்லையென்றால் மேலிருப்பது கீழிருப்பதை அமுக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். வழக்கமாக ஊரில் கேட்பது பிறந்தநாளுக்கு ஒரு கிலோ கேக். மூன்றடுக்கு அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"நான் ஒரு பக்கம் புடிக்கவா?" என்றாள் வந்தவள்.

கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே நின்றாள். இரண்டு பேருமாகத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார்கள். கோணாமல் உட்கார்ந்தது. சுஃபியாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

"மலைமேல குரங்கணில ஒரு வீட்டுக்கு. இருவத்தஞ்சாவது கல்யாண நாளாம். மக லீவுக்கு வந்துருக்கு, அதுதான் சொல்லிச்சு. அம்மாக்காரிக்கு ஒண்ணும் தெரியாதாம்." பேசிக்கொண்டே, சர்க்கரைப் பாகில் செய்து காயவைத்திருந்த பெயர்த் தகட்டை நடு அடுக்கின் முகப்பில் ஒட்டினாள். விஜயபாண்டி – சந்திரவல்லி.

அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்தில் ஏதும் தப்போ என்று சுஃபியா குனிந்து பார்த்தாள். அதற்குள் போன் அடித்தது. கையெல்லாம் கிரீம் என்பதால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, தமிழினி பேசுறேன். கேக்கு ஆயிருச்சா? அம்மா மருந்து வாங்கணும்னு போடிக்குத்தான் வந்துருக்கு. கண்ணுல பட்டுறாம ஏத்தி விடுங்க. அப்பா ஒட்டடையெல்லாம் அடிச்சு அல்லோலப்படுறாரு. ஏலக்கா தூக்கலாத்தான போட்டீங்க? நேத்தும் சொன்னாரு, அம்மாவுக்கு அந்த வாசம்னா உசுராம்."

எதிரே நின்றவள் வாயைத் திறக்காமல் சுஃபியாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். சொல்லாதே என்கிற ஆட்டல். இவள்தான் அந்த அம்மா என்று சுஃபியாவுக்கு விளங்கிவிட்டது.

"பாத்து அனுப்பிர்றேம்மா" என்றாள்.

போன் ஓய்ந்தபின் சுஃபியா கையிலிருந்த கிரீமைத் துடைத்தாள்.

"எனக்கு ஏலக்கா ஆகாது" என்றாள் சந்திரவல்லி. "கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்தே. ஏலக்கா ஸ்டோர்ல பச்சக் காய் ஒணத்துற வாடை வந்தா மண்டையடிக்கும்."

"அண்ணன்ட்ட சொன்னதில்லையா?"

"சொல்லாமயா."

சுஃபியா தயங்கினாள். "அடிப்பாரா?"

"சே. ஒரு நாளும் கை நீட்டுனதில்ல. நல்ல மனுசன்தான்."

அடிக்கிறான் என்றிருந்தால் சுஃபியாவுக்கு வழி தெரிந்திருக்கும். பெயர்த் தகட்டைப் பெயர்த்து எறிந்துவிட்டு, சாவியைக் கையில் கொடுத்திருப்பாள். இதற்கு என்ன செய்வது? ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரையும், மகளின் குரலில் இருந்த துள்ளலையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஏலத்தில் ஏலக்காய் எடுக்கப் போயிருக்கும் தன் புருஷன் ரசூலுக்கு எந்த வாசம் ஆகாது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியுமா என்பதும் தெரியவில்லை.

சீவிப் போட்டிருந்த கேக் முகடுகள் ஏலக்காய் மணத்துடன் தட்டில் கிடந்தன. சந்திரவல்லி அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். சொன்னது தானா என்பதுபோல அவள் முகமே குழம்பிப் போயிருந்தது. இன்னொரு துண்டு எடுத்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது. ஜீப் ஓட்டும் ஜக்கையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன மதினி, நீங்க எங்க இங்க? ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுல்ல சொன்னாக."

"எனக்குத் தெரியாது" என்றாள் சந்திரவல்லி. "வெரசா ஏத்து. கிரீம் எளகிரும்."

மலைப்பாதையில் சாய்ந்துவிடக் கூடாதென்று மேல் அடுக்கைத் தனிப் பெட்டியில் வைத்திருந்தாள் சுஃபியா. அங்கே போய்த்தான் அதை மேலே வைக்க வேண்டும். எப்படி இறக்க வேண்டும், எந்தப் பக்கம் முகப்பு என்று சொல்லத் தொடங்கியபோது, யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று உறைத்து வார்த்தை தடுமாறியது. சந்திரவல்லி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பெட்டியை வாங்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, ரூம் பாக்கலியே."

"பாக்கணும்" என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. ஜீப் கிளம்பிவிட்டது.

உள்ளே வந்து கதவைச் சாத்தும்போதுதான் கதவுக்குப் பின்னால் ஒரு கட்டைப்பை இருப்பதைச் சுஃபியா பார்த்தாள். மேலே மடித்த சேலைகள். அடியில், கடையில் ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஒரு குக்கர். ஒரு ஆளுக்கு மட்டும் பொங்குகிற அளவு.

பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஜீப் தெருமுனை திரும்பிப் போயிருந்தது. ஜக்கையனின் நம்பரை எடுத்தாள். ஒரு போன் போட்டால் நிறுத்துவான். விரல் அதன்மேலேயே நின்றது. சந்திரவல்லி மறந்து வைத்துவிட்டாளா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாளா?

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பையைக் காலி ரூமில் வைக்க மாடிப்படி ஏறினாள். பாதியில் நின்று, இறங்கலாமா என்று திரும்பினாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அசையும்போதெல்லாம் குக்கருக்குள் கிடந்த விசில் லேசாகக் குலுங்கியது.