கீழே காட்டும் கை

நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிளை மிதித்து வேர்த்துக் கொட்ட ஒரு வகுப்பு என்றால், முன்பெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். இப்போது பாதிக் காலைகள் அங்கேதான் கிடக்கிறேன். காதுக்குள் வந்த ஒரு நோய் என் கணவரைத் தள்ளாட விட்டுவிட்டது. சுவரைப் பிடிக்காமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாத மனிதரை எப்படித் தனியே அனுப்புவது? கூட்டிப்போய் ஏற்றிவிட்டு, கடைசி வரிசையில் நானும் ஒன்றில் ஏறிக்கொள்வேன். நிஜ சைக்கிள் எனக்கு ஓட்டத் தெரியாது.

மழைக்காலம் முழுக்க நோய்க்கு முன் அவரோடு சாலையில் வரிசையாகச் சைக்கிள் ஓட்டிய கூட்டாளிகளும் வந்தார்கள். சாலை நனைந்து கிடக்கும் மாதங்களில் கால் வலு போய்விடக் கூடாதாம். ஆடாத சைக்கிள் யாரையும் கீழே தள்ளாது. அதில் இவரை மிஞ்ச ஆளில்லை. சொல்லிக்கொடுக்கும் பெண், "மேடு வருது, இறுக்குங்க" என்றால் இவர் மிதியை இறுக்கும் குமிழை இன்னொரு திருகு கூடுதலாகவே திருகுவார்.

சாலைப் பழக்கம் லேசில் போகுமா? ஒருநாள் பாட்டு வேகம் பிடித்தபோது இவர் இடது கையை இறக்கித் தரையைக் காட்டினார். பின்னால் இருந்த கூட்டாளி ஒட்டகமும் அப்படியே காட்டினான். உயரத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. அவனுக்குப் பின்னால் இருந்தவனும் காட்டினான். பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அறையே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பள்ளம் இருக்குன்னு அர்த்தம். முன்னாடி போறவன் காட்டணும், பாத்தவன் தனக்குப் பின்னாடி இருக்கறவனுக்குக் காட்டணும். நடுவுல ஒருத்தன் விட்டா கடைசி ஆள் விழுவான்."

"அந்த அறையில ஏதுங்க பள்ளம்?"

"அது கைக்குத் தெரியலையே" என்று சிரித்தார்.

மழை விட்டதும் சாலைக்குப் போய்விடுவேன் என்றார். இனி முடியாது என்று டாக்டர் சொன்னது அவருக்கு ஏறவே இல்லை. என் நாத்தனார், "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான்" என்றாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். ஆனாலும் பயம் இருந்தது. அவர் தொடை இறுகுவதைப் பார்த்துப் பார்த்து நானும் நம்பித் தொலைத்தேன்.

வெயில் வந்தது. வண்டிகள் இல்லாத ஒரு வாகன நிறுத்தத்தில் ஒட்டகம் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, இவர் ஏறினார்.

"விடுடா."

"வேணாம்ணே."

"விடுடாங்கறேன்!"

விட்டான். இரண்டு மிதி. மூட்டை சரிவதுபோல இடப்பக்கம் விழுந்தார். எழுந்து மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். கால் நன்றாகத்தான் இருந்தது. முழங்கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கிளம்புங்கடா, வெயில் ஏறிடும்" என்றார். அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். இவர் அழவில்லை.

இனி வகுப்புக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் எனக்கு முன்னால் ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டாளிகள் யாருமில்லை. அலுவலகம் போகும் பெண்கள் சிலர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். ஒட்டகத்தின் சைக்கிளில், அவருக்கு நேர் பின்னால், ஏறினேன். பாட்டு வேகம் பிடித்தது. இவருடைய இடது கை இறங்கித் தரையைக் காட்டியது. யாரும் கவனிக்கவில்லை.

கைப்பிடியை விடுவதற்கு எனக்குப் பயம், ஓடாத சைக்கிள்தான் என்றாலும். விட்டேன். இடது கையை இறக்கிக் காட்டினேன்.

"என்னக்கா, ஏதாவது விழுந்துடுச்சா?" என்றாள் பின்னால் இருந்தவள்.

"பள்ளம்மா. பாத்து வா. பின்னாடி சொல்லு."

எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் என் கையும் அவர் முகமும் தெரிந்தன. இரண்டு முறை விழுந்தும் அழாத மனிதர், மிதிப்பதை நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தார்.